கெட்டிஸ்பர்க்கில் லீ செய்தது துணிச்சலா, தவறா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீ எடுத்த முடிவுகள் துணிச்சலா முட்டாள்தனமா, நேராகத் தாக்காமல் எதிரியைச் சுற்றிப் போகலாம் என்று அவருடைய மூத்த துணைத் தளபதி லாங்ஸ்ட்ரீட் சொன்னதைக் கேட்டிருந்தால் தெற்கு ஜெயித்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கடைசி வரியில், "இரண்டு மாதம் முன்னால் சான்சலர்ஸ்வில்லில் இதைவிடப் பெரிய ஆபத்தில் இறங்கியவரை மேதை என்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் திட்டுகிறார்கள்?" என்றும் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. ஜெயித்தால் மேதை, தோற்றால் மூடன் என்று எடைபோடுவது எந்தத் தளபதிக்கும் நியாயமாகாது. அப்படியானால் வேறு எந்தத் தராசில் நிறுத்துவது?

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை. ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். கடைசிச் சில வருடங்கள் தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில் இளம் அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்தேன். இந்தப் போரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது அந்த வகுப்புகளுக்காக. அதனால் என் பார்வை பீரங்கிப் பக்கம் கொஞ்சம் சாயும். ஒரு காலாட்படைக்காரரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

சான்சலர்ஸ்வில்லில் நடந்ததைப் பார்ப்போம். எதிரே வடக்குப் படைத் தளபதி ஹூக்கரிடம் சுமார் 1,30,000 பேர். லீயிடம் 60,000 அளவில்தான். இருந்த படையையே இரண்டு முறை பிரித்தார். 1863 மே 2 அன்று தன் துணைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனோடு பாதிக்கு மேற்பட்ட படையைக் காட்டுவழியாகப் பன்னிரண்டு மைல் சுற்றி அனுப்பிவிட்டு, மிச்சம் பதினாலாயிரம் சொச்சம் பேரோடு ஹூக்கரின் முன்னால் நின்றார். காகிதத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அவர் கையில் மூன்று விஷயங்கள் இருந்தன. எதிரியின் வலது பக்கம் காப்பில்லாமல் தொங்குகிறது என்று குதிரைப்படை பார்த்துவந்து சொல்லியிருந்தது. அடர்ந்த காடு படை நகர்வை மறைத்தது. நடுவில் ஒருமுறை கண்ணில் பட்டபோதுகூட வடக்குக்காரர்கள் அதைப் பின்வாங்கல் என்றே நினைத்தார்கள். மூன்றாவது, ஹூக்கர் முந்தின நாளே தயங்கி நின்றுவிட்டதை லீ கண்ணால் பார்த்திருந்தார். நடுவில் எங்கேயாவது காரியம் கெட்டால் நிறுத்தவோ தெற்கே விலகவோ இடமும் இருந்தது. ஆபத்து பெரியதுதான். ஆனால் தெரிந்து எடுத்த ஆபத்து.

கெட்டிஸ்பர்க்கில் அந்த மூன்றும் இல்லை. நான் சொல்ல வருவது அவ்வளவுதான், ஆனால் அதை நாள் நாளாகப் பார்த்தால்தான் புரியும். மூன்று நாள் முடிவுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி "லீ சூதாடினார்" என்று சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு ரகம்.

பென்சில்வேனியாவுக்குள் படை எடுத்துப் போனதே தவறு என்பாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வர்ஜீனியா இரண்டு வருடப் போரில் சுரண்டப்பட்டுக் கிடந்தது. படைக்கும் குதிரைகளுக்கும் தீனி வேண்டும். மேற்கே தெற்கின் கோட்டையான விக்ஸ்பர்க்கை வடக்கின் தளபதி கிராண்ட் முற்றுகையிட்டிருந்தார். லீயின் படையில் ஒரு பகுதியை அங்கே அனுப்பலாமா என்று தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் வாதம் நடந்தது, லீ மறுத்து வடக்கே போகலாம் என்றார். அதில் சுயநலமும் இருந்தது, கணக்கும் இருந்தது. (அந்தப் படை பென்சில்வேனியாவில் பிடித்தது மாடுகளையும் கோதுமையையும் மட்டுமல்ல, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களையும் பிடித்துத் தெற்கே அடிமைகளாகக் கொண்டுபோனது. போர்த்தந்திரம் பேசும்போது இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.)

உண்மையான கோளாறு வழியிலேயே ஆரம்பித்துவிட்டது. குதிரைப்படைத் தலைவர் ஸ்டூவர்ட்டுக்கு லீ கொடுத்த உத்தரவில் அவருடைய விருப்பத்துக்கு நிறைய இடம் இருந்தது. அவர் தன் சிறந்த மூன்று பிரிகேடுகளோடு வடக்குப் படையைச் சுற்றிக்கொண்டு போனார், ராக்வில்லில் 125 வண்டிகளைப் பிடித்தார், அந்த வண்டிகளை இழுத்துக்கொண்டே வந்ததில் ஜூலை 2 பிற்பகல்தான் கெட்டிஸ்பர்க் வந்து சேர்ந்தார். எதிரி பொட்டோமாக் ஆற்றைத் தாண்டிவிட்டான் என்ற செய்தி லீக்கு ஜூன் 28 இரவு ஓர் ஒற்றன் மூலம் கிடைத்தது. ஹூக்கர் போய் ஜார்ஜ் மீட் தளபதியானதும் அதே நாளில்தான். பழியை ஸ்டூவர்ட் தலையில் போடுவது வழக்கம். ஆனால் லீயிடம் வேறு குதிரைப்படைப் பிரிகேடுகளும் இருந்தன, அவற்றை அவர் உளவுக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை. கண்ணை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, இருந்த இன்னொரு கண்ணையும் மூடிக்கொண்ட கதை.

ஜூலை 1 சண்டை யாரும் திட்டமிடாமல் மூண்டது. அன்று மாலைக்குள் வடக்கின் இரண்டு கோர்கள் (பல பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன், பல டிவிஷன்கள் சேர்ந்தது கோர்) ஊருக்குள் வழியாக ஓடி, தெற்கே கல்லறைக் குன்றில் ஒதுங்கின. முடிந்தால் அந்தக் குன்றைப் பிடிக்கவும், ஆனால் மற்ற டிவிஷன்கள் வந்து சேரும்வரை பெரிய சண்டையில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று லீ தன் கோர் தளபதி யூவெலுக்குச் சொல்லி அனுப்பினார். ஒரே உத்தரவில் "போ", "போகாதே" இரண்டும். யூவெல் போகவில்லை. ஜாக்சன் உயிரோடு இருந்திருந்தால் போயிருப்பார் என்பது தெற்கின் தீராத புலம்பல். அவர் மே 10 அன்றே இறந்துவிட்டார். ஜாக்சனுக்குக் கொடுத்துப் பழகிய மாதிரியே புதிதாகக் கோர் தலைமைக்கு வந்தவருக்கும் உத்தரவு கொடுத்தது யார் தவறு? கீழே இருப்பவன் மாறினால் உத்தரவின் வடிவமும் மாற வேண்டும். இதை நான் ஒரு பயிற்சியில் என் சொந்தத் தவறால் கற்றுக்கொண்டேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இரண்டாம் நாள் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கின் இடது கோடியைச் சுருட்டலாம் என்று லீ போட்ட திட்டம் அடிப்படையில் மோசமில்லை. ஆனால் காலையில் உளவு பார்த்துவந்த ஒரு கேப்டனின் தகவலை நம்பிப் போட்டது. சாயங்காலம் நாலு மணிக்குத் தாக்குதல் தொடங்கியபோது எதிரே இருந்த நிலைமை முற்றிலும் வேறு. வடக்கின் சிக்கிள்ஸ் யாரையும் கேட்காமல் தன் கோரை முன்னே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். தென்படையின் டிவிஷன் தளபதி ஹுட், மலையைச் சுற்றிப் போக அனுமதி கேட்டுக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அப்படியும் கொஞ்சத்தில் தவறிய நாள் அது. வடக்கின் இடது கோடியிலிருந்த லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்றை வடக்கின் பொறியாளர் வாரன் காலியாகக் கண்டு கடைசி நிமிடத்தில் ஆள் ஏற்றாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. பிரிட்டிஷ் பார்வையாளர் ஃப்ரீமேன்டல் அன்று லீயின் பக்கத்திலேயே இருந்தவர். சண்டை நடந்த அத்தனை நேரத்திலும் லீ ஒரே ஒரு செய்திதான் அனுப்பினார், ஒரே ஒரு தகவல்தான் பெற்றார் என்று அவர் குறித்திருக்கிறார். எனக்கு ஆபத்தைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. படையைக் கொண்டுவந்து சரியான இடத்தில் நிறுத்துவது என் வேலை, அப்புறம் கீழே இருப்பவர்கள் பாடு, ஆண்டவன் பாடு என்பது லீயின் பாணி. சான்சலர்ஸ்வில்லில் அந்தப் பாணி பலித்தது.

இப்போது மூன்றாம் நாள். இங்கேதான் கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

முந்தின நாள் இடது கோடியிலும் வலது கோடியிலும் அடி வாங்கிய எதிரி நடுவில் மெலிந்திருப்பான் என்பது லீயின் கணிப்பு. அன்றிரவே மீட், நாளை தாக்கினால் உங்கள் முன்னால்தான் தாக்குவார் என்று நடுவில் நின்ற தன் டிவிஷன் தளபதி கிப்பனிடம் சொன்னதாகக் கிப்பன் பிற்பாடு எழுதினார். லீயின் மூலத்திட்டத்தில் விடியற்காலையில் யூவெல் எதிரியின் வலப்புறம் கல்ப்ஸ் ஹில் குன்றில் அடிக்க வேண்டும், லாங்ஸ்ட்ரீட் அதே நேரத்தில் மறுபக்கம் அடிக்க வேண்டும். லாங்ஸ்ட்ரீட்டின் கீழிருந்த பிக்கெட்டின் டிவிஷன் நேரத்துக்கு வந்து சேரவில்லை. வடக்குக்காரர்களோ காத்திருக்காமல் நாலரை மணிக்கே கல்ப்ஸ் ஹில்லில் பீரங்கியைத் திறந்துவிட்டார்கள். பதினோரு மணிக்கெல்லாம் அங்கே கதை முடிந்துவிட்டது. அதாவது ஒரு மணிக்கு நடுவில் குண்டு வீச்சு தொடங்கும் முன்பே திட்டத்தின் ஒரு கால் உடைந்திருந்தது. நின்று யோசிக்க அது ஓர் இடம். லீ யோசித்துத் திட்டத்தை மாற்றினார், ஆனால் கைவிடவில்லை.

சுமார் 150 பீரங்கிகள் தென்படை நின்ற செமினரி மேட்டு ஓரமாக வரிசையாக நின்றன. அவற்றைக் கொண்டு எதிரியின் பீரங்கிகளை அடக்கிவிட்டு, ஏறத்தாழ 12,500 காலாட்படையினர் முக்கால் மைல் திறந்த வயலைக் கடந்து, கல்லறைக் குன்றிலிருந்து தெற்கே நீளும், வடக்குப் படை நின்ற கல்லறை மேட்டைப் பிடிக்க வேண்டும். இதில் பாதிப் பேர் ஜூலை 1 அன்றே நொறுங்கிய பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். லாங்ஸ்ட்ரீட் முடியாது என்றார். பீரங்கிகளை நடத்தியவர் கர்னல் போர்ட்டர் அலெக்சாண்டர், வயது 28.

குண்டு வீச்சுக்கு முன் லாங்ஸ்ட்ரீட் அவருக்கு ஒரு சீட்டு அனுப்பினார். பீரங்கி அடித்து எதிரி கலையாவிட்டால் பிக்கெட்டைப் போகச் சொல்ல வேண்டாம், உன் கணிப்பையே நான் பெரிதும் நம்பியிருக்கிறேன் என்பது அதன் சாரம். படித்த அலெக்சாண்டர் திடுக்கிட்டுப் போனார். எதிரியின் காலாட்படை மறைவில் இருக்கிறது, புகை எல்லாவற்றையும் மூடிவிடும், எதிரி திருப்பிச் சுடுவதை வைத்துத்தான் என்னால் ஊகிக்க முடியும், இதைத் தவிர வேறு வழி இருந்தால் சுடத் தொடங்கும் முன்னால் யோசியுங்கள், ஏனென்றால் மிச்சமிருக்கும் குண்டெல்லாம் இதிலேயே தீர்ந்துவிடும் என்று பதில் எழுதினார். ஒரு பீரங்கி அதிகாரி எழுதக்கூடிய மிகத் தெளிவான பதில் அது. நான் வகுப்பில் அதைப் படித்துக்காட்டி, "உங்கள் ஜெனரல் இதைக் கேட்டு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பேன். பெரும்பாலும் வகுப்பு அமைதியாகிவிடும்.

இந்தக் குண்டு வீச்சு ஏன் தோற்றது என்பது எங்கள் தொழில் சார்ந்த விஷயம். கறுப்பு வெடிமருந்தின் புகையில் சில நிமிடங்களிலேயே எதிர் மேடு மறைந்துவிட்டது. குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல ஓ.பி. (கண்காணிப்பு நிலை) இல்லாமல் சுடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது மாதிரி. இலக்கைத் தாண்டி விழுந்தால் ஓவர், முன்னால் விழுந்தால் ஷார்ட் என்போம். அன்று பெரும்பாலானவை ஓவர். அதைத் திருத்த யாராலும் பார்க்க முடியவில்லை. மேட்டுக்குப் பின்னால் இருந்த மீட்டின் தலைமையகம் அடிவாங்கி அவர் இடம் மாற வேண்டியிருந்தது. மேட்டோரக் கல்சுவருக்குப் பின்னால் படுத்திருந்த காலாட்படைக்குப் பெரிய சேதமில்லை. 1863 மார்ச்சில் ரிச்மண்ட் வெடிமருந்துக் கூடத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு வேறு ஊரிலிருந்து வந்த ஃப்யூஸ்கள் (குண்டு எப்போது வெடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் திரிகள்) மெதுவாக எரிந்ததால்தான் குண்டுகள் தாண்டிப் போயின என்று ஒரு கட்சி உண்டு. அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நல்ல ஃப்யூஸ் இருந்தாலும் அந்தப் புகையில் யார் திருத்தியிருப்பார்கள்? ஊர்ப்பக்கம் வடக்கே யூவெலின் பீரங்கிகள் நின்ற இடத்திலிருந்து அந்த மேட்டை நீளவாக்கில் அடித்திருக்கலாம், அதைச் செய்யவில்லை என்று அலெக்சாண்டரே பிற்காலத்தில் வருத்தப்பட்டார். அது எனக்கு ஃப்யூஸைவிட வலுவான குறை.

எதிர்ப்பக்கம் பீரங்கித் தலைவர் ஹென்றி ஹன்ட். ஏறத்தாழ ஒரு வருடம் முன்பு, 1862 ஜூலை 1 அன்று, மால்வர்ன் ஹில்லில் இதே லீயின் காலாட்படையை மேட்டிலிருந்து பீரங்கியால் சிதறடித்த ஆள். அன்று லீ ஐயாயிரம் பேருக்கு மேல் இழந்தார். ஹன்ட் என்ன செய்தார் என்றால், குண்டை மிச்சம் பிடிக்கச் சுடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டார். நடுவில் நின்ற வடக்கின் கோர் தளபதி ஹான்காக்குக்குக் கோபம். தலைமேல் குண்டு விழும்போது தங்கள் பீரங்கி சத்தம் கேட்டால்தான் காலாட்படைக்குத் தெம்பு என்றார். இருவரும் அதைப் பற்றி வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். ஹான்காக் சொன்னதிலும் விஷயம் உண்டு, ஆனால் நான் ஹன்ட் கட்சி. எதிர்ச்சுடல் அடங்கியதையும், கல்லறைப் பக்கம் சில பீரங்கிகள் பின்னால் போவதையும் பார்த்த அலெக்சாண்டர், எதிரி அடங்கிவிட்டான் என்று எண்ணி, பதினெட்டுப் பீரங்கிகள் போய்விட்டன, சீக்கிரம் வாருங்கள் என்று பிக்கெட்டுக்கு எழுதினார். போனவற்றின் இடத்துக்குப் புதிய பீரங்கிகள் வந்துகொண்டிருந்தன. பிக்கெட் லாங்ஸ்ட்ரீட்டிடம் போகட்டுமா என்று கேட்டார். லாங்ஸ்ட்ரீட்டால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை, தலையை மட்டும் அசைத்தார். அடுத்த சில நிமிடங்களில் குண்டு தீரப்போகிறது என்று அறிந்து, பிக்கெட்டை நிறுத்திக் குண்டு நிரப்பிக்கொள் என்றும் அலெக்சாண்டரிடம் சொல்லிப் பார்த்தார். நிரப்பப் போதுமான குண்டு இல்லை, நிரப்பினாலும் அதற்குள் எதிரி சுதாரித்துவிடுவான் என்றார் அவர். குண்டு வண்டிகளைத் தூரத்துக்கு நகர்த்தியிருந்தவர் லீயின் பீரங்கித் தலைவர் பெண்டில்டன்.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். எம்மிட்ஸ்பர்க் சாலையின் இரண்டு பக்க வேலிகளையும் ஏறிக் குதிக்கும்போதே வரிசை சின்னாபின்னமானது. இரண்டு பக்கமும் வடக்கின் படைகள் திரும்பி நின்று விலாவில் சுட்டன. தொப்பியை வாள்முனையில் மாட்டிக்கொண்டு பிக்கெட்டின் பிரிகேடு தளபதி ஆர்மிஸ்டெட் சுவரைத் தாண்டினார், விழுந்தார். போனவர்களில் பாதிப் பேர் சேதம். "ஃப்ரெடரிக்ஸ்பர்க்! ஃப்ரெடரிக்ஸ்பர்க்!" என்று சுவருக்குப் பின்னாலிருந்து கூச்சல். ஏழு மாதம் முன்பு அந்த ஊரில் சுவருக்குப் பின்னால் நின்றவர்கள் தென்படையினர், திறந்த வயலில் செத்தவர்கள் வடக்குப் படையினர். அன்று ஃப்ரெடரிக்ஸ்பர்க் மேட்டில் காவல் நின்ற கோருக்குத் தலைவர் லாங்ஸ்ட்ரீட். அவர் "முடியாது" என்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

லீக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். நேருக்கு நேர் ஏறிப் பிடித்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1862 ஜூனில் கெய்ன்ஸ் மில்லில் அப்படித்தான் வென்றார். அதனால் அவர் நினைத்தது நடக்கவே நடக்காத காரியமில்லை. என் குறை வேறு இடத்தில். சான்சலர்ஸ்வில்லில் "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் லீயின் கையிலேயே இருந்தது. இங்கே அது லாங்ஸ்ட்ரீட்டிடம் போய், அவரிடமிருந்து புகைக்குள் நின்ற 28 வயது கர்னலிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்கோ எதிரியைத் தெரியவில்லை. அதிகாரம் உள்ள லீயோ அந்த நேரத்தில் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களிடம் "எல்லாம் என் தவறு" என்று லீ சொன்னதைப் பலர் பதிந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 8 அன்று பதவி விலகவும் எழுதினார், தெற்கின் ஜனாதிபதி டேவிஸ் ஏற்கவில்லை. அவர் மழுப்பவில்லை. மழுப்பியவர்கள் அவருடைய பக்தர்கள்.

அதனால் சில விஷயங்களைப் படிக்கும்போது ஜாக்கிரதையாக இருங்கள். ஜூலை 2 சூரிய உதயத்திலேயே தாக்கும்படி லீ உத்தரவிட்டார், லாங்ஸ்ட்ரீட் வேண்டுமென்றே தாமதித்தார் என்ற கதை, லீ 1870-இல் இறந்த பிறகு கிளம்பியது. லீயின் பழைய தளபதிகளில் ஒருவரான ஜூபல் எர்லி 1872-இல் லாங்ஸ்ட்ரீட் மேல் பாய்ந்தார்; மறு வருடம் உதய உத்தரவைப் பற்றிப் பேசியவர் பெண்டில்டன், அதாவது குண்டு வண்டிகளை நகர்த்திய அதே மனிதர். லீயின் சொந்த உதவி அதிகாரிகளே அப்படி ஓர் உத்தரவு தெரியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். போருக்குப் பின் லாங்ஸ்ட்ரீட் லிங்கனின் குடியரசுக் கட்சியில் சேர்ந்ததுதான் அந்தப் பக்தர்கள் கண்ணில் அவர் செய்த பெரிய குற்றம். மறுபக்கம், லாங்ஸ்ட்ரீட் லீயிடம் அன்று பேசியதாகச் சொல்லும் வசனங்களும் பெரும்பாலும் அவரே பிற்காலத்தில் எழுதியவை. மூன்றாம் நாள் ஸ்டூவர்ட் பின்பக்கத்திலிருந்து தாக்கிப் பிக்கெட்டோடு கைகோக்க வேண்டியிருந்தது என்ற கதைக்கும், லீக்கு அன்று உடம்பு சரியில்லாததால்தான் இப்படி முடிவெடுத்தார் என்பதற்கும் ஆதாரம் மெலிசு. அந்த வசந்தத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது உண்மை. அதற்கும் ஜூலை 3 முடிவுக்கும் முடிச்சுப் போடுவது ஊகம்.

சரி, லாங்ஸ்ட்ரீட் சொன்னபடி எதிரியின் இடப்புறம் சுற்றிப் போய், வாஷிங்டனுக்கும் மீட்டுக்கும் நடுவில் மேடான இடத்தில் உட்கார்ந்திருந்தால்? வாய்ப்பு இருந்திருக்கும், உறுதியாக வெற்றி என்று சொல்லமாட்டேன். குதிரைப்படை இல்லாமல் எதிரியின் முகத்துக்கு முன்னால் பக்கவாட்டில் நகர்வது தனி ஆபத்து. மீட்டிடம் மேரிலாண்டில் பைப் ஓடைக் கரையில் ஒரு தற்காப்புக் கோடு முன்னரே யோசித்து வைக்கப்பட்டிருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் லீ என்ன செய்வார்? பகை நாட்டில் ஒரே இடத்தில் நின்றால் சாப்பாடு தீரும். ஒரு தடயம் மட்டும் கையில் இருக்கிறது. ஜூலை 4 முழுக்க லீ செமினரி மேட்டில் வரிசை கட்டி, வா என்று காத்திருந்தார். மீட் வரவில்லை. அன்றுதான் விக்ஸ்பர்க்கும் விழுந்தது. என்னைக் கேட்டால் ஜூலை 2 இரவே மலைக் கணவாய்களை நோக்கிப் பின்வாங்கியிருப்பேன். நூற்றறுபது வருடம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதற்கு எனக்கு எந்தச் செலவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் அங்கே போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் போனேன். வர்ஜீனியா நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்துக் கல்சுவர் வரை நடந்தே போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வயல் தட்டை என்று படத்தில் தெரியும். நடக்கும்போது இறங்கி ஏறும், சில இடங்களில் எதிர் மேடே மறைந்துவிடும், மனசுக்கு ஒரு நிம்மதி வரும். எம்மிட்ஸ்பர்க் சாலையை அடைந்ததும் வேலிப் பக்கம் நின்று வலது கைப்பக்கம் திரும்பிப் பாருங்கள். லிட்டில் ரவுண்ட் டாப்பின் தலை தெரியும். அன்று அதன் உச்சியில் வடக்கின் பீரங்கிகள் நின்றன. அவர்களுக்கு முன்னால் புகை இல்லை.